மாமியார் பிடித்த கடப்பாரை

பெருமதிப்பிற்குரிய ஸெங்கா நபோஸா அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் அண்ணன் மகள் நகிவாலாவைக் கட்டிய லுபோவா, நன்சானாவிலிருந்து பணிவோடு எழுதுவது. நலமா? வீட்டில் உள்ளவர்கள் நலமா? கோழிகள், வாழைகள், உங்கள் முழங்கை வலி எல்லாம் எப்படி? நீங்கள் பார்த்துவரும் வேலைகளுக்கெல்லாம் நன்றி. நாங்களும் இங்கே நலம் என்றுதான் இந்த இடத்தில் எழுத வேண்டும். கை வரவில்லை ஸெங்கா. நான் பெற்ற பிள்ளையை என்னைத் தூக்க விடமாட்டேன் என்கிறாள் உங்கள் பெண். மாமியாரும் மருமகனும் தொட்டுக்கொண்டால் கை நடுக்கம் பிடித்துக்கொள்ளும், சாகும்வரை விடாது என்று கல்யாணத்துக்கு முன்பு அவளுடைய ஸெங்காவாக, அத்தையாக எச்சரித்தவர் நீங்கள். அதனால் தீர்ப்பும் நீங்கள்தான் சொல்ல வேண்டுமாம்.

மாமியார் குழந்தையைப் பார்க்க மிதியானாவிலிருந்து வாழைக்காய்த் தாரோடு வந்தது உங்களுக்குத் தெரியும். வந்த இடத்தில் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மருமகன் வீட்டில் ராத்தங்கக் கூடாது. வேன் நிற்கும் இடம்வரை நடக்க முடியாது. மோட்டார் சைக்கிளில் உட்காரவே மாட்டார். மிச்சம் என் கார்தான். அதன் ஒரு டயரில் காற்று இல்லை. மாற்றலாம் என்று நட்டைத் திருகினால் டக்கென்று போல்ட் முறிந்தது. அடுத்ததைத் திருகினேன், அதுவும் முறிந்தது. போன மாதம் பஞ்சர் ஒட்டிய புண்ணியவான் ஸ்பேனர் மேல் ஏறி நின்று முடுக்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் எல்லாம் சர்ச்சில். சரி, நாமே மாற்றிவிடலாம் என்று கடையில் புது போல்ட் வாங்கி வந்து, போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே மாட்டுகிறான் ஸெங்கா. பிரேக் தட்டைக் கழற்றி, முறிந்ததைச் சுத்தியலால் பின்பக்கம் தட்டித் தள்ளி, புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்னால் வாஷர் அடுக்கி நட்டை முடுக்கினால் போல்ட் தானாக இழுபட்டு உட்காருமாம். தட்டித் தள்ளவே என் உயிர் பாதி போயிற்று. அப்புறம் நட்டை முடுக்கினால் சக்கரம் மாட்டுகிற ஹப்பும் கூடவே சுற்றுகிறது. நல்ல போல்ட்டுகளுக்கு நடுவே கடப்பாரையைச் சொருகி ஒருவர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். நகிவாலா வயிற்றில் பிரசவத் தையலோடு ஜன்னலில் நிற்கிறாள். வேறு ஆள் இல்லை. அப்போது மாமியார், வழக்கம்போல என்னைப் பார்க்காமல், முற்றத்துப் பலாமரத்தைப் பார்த்துப் பேசினார்.

"பலாமரமே, பொழுது சாயுது. இந்த வீட்ல நான் ராத் தங்குனேன்னு கேள்விப்பட்டா எங்கம்மா குழியிலேருந்து எழுந்து வந்துடுவா. கம்பியைப் பிடிக்க எனக்கும் கை இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு."

நானும் மரத்திடமே, "வேணாம்னு சொல்லு மரமே, ரெண்டு பேரும் ஒரே இரும்பைப் பிடிச்ச மாதிரி ஆயிடும்" என்றேன்.

ஜன்னலிலிருந்து, "வாழை இலையைச் சுத்திப் பிடிச்சா ஒண்ணுமில்ல. நடுவுல பெட்ஷீட்டைக் கொடியில போடுங்க, முகம் தெரியாது" என்றது யார்? உங்கள் பெண். இதைத் தயவுசெய்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் போல்ட் ஒழுங்காக உட்கார்ந்தது. பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "மரமே, அவர் இதுக்கு முன்னாடி இந்த வேலை பார்த்திருக்காரா?" என்று கேட்டார். மரத்தை முந்திக்கொண்டு நான் அடுத்த போல்ட்டை எடுத்துச் சொருகினேன். இரண்டாவதில் ஸ்பேனர் வழுக்கியது. நான் பெட்ஷீட்டில் போய் விழுந்தேன், கொடி அறுந்தது, கடப்பாரை ஒரு பக்கம் பறந்தது, துணிக்குள் நான் மட்டும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆயுசில் அப்படி நான் பயந்ததே இல்லை. "மரமே, முதல்ல இந்த ஆளை என் மேலேருந்து எடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நகிவாலா வயிற்றைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து, "அம்மாவைத் தொட்டுட்டீங்களா?" என்றாள்.

"நான் பெட்ஷீட்டைத் தொட்டேன். பெட்ஷீட் யாரைத் தொட்டுச்சோ, எனக்குத் தெரியாது."

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். நடுங்கியது ஸெங்கா, மறைக்கவில்லை. காலையிலிருந்து சுத்தியல் அடித்த கை நடுங்காமல் நடனமா ஆடும்? அவள் கேட்டால்தானே. "இந்தக் கையில பச்சைப் புள்ளையைக் குடுப்பேனா? ஸெங்கா சொல்லட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே குழந்தை அழுகிறது, நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, நடுவில் துணி இருந்தது, அதுவும் இரண்டாக மடித்த துணி, தோலோடு தோல் படவில்லை, எனவே குற்றம் இல்லை என்று தாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுகிறேன். கடப்பாரையை நானே காலால் மிதித்துக்கொண்டு இரண்டாவது போல்ட்டையும் உட்கார வைத்து, மாற்றுச் சக்கரத்தையும் மாட்டிவிட்டேன். மாமியார் பின்சீட்டின் கோடியில், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஏறிவிட்டார். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும், உங்கள் சொல் குலத்தில் கீழே விழாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தொடாத மருமகன்,
லுபோவா

பி.கு. இதை மிதியானா ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். தீர்ப்பு வேண்டாம் ஸெங்கா. இரண்டாவது போல்ட் முழுசாக உட்காரவில்லை போலிருக்கிறது. இறக்கத்தில் வேகம் கூடியதும் கார் முழுக்க உதறியது, ஸ்டியரிங் என் கையை விட்டுப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது, எதிரே லாரி. நான் கத்தினேன். பின்சீட்டிலிருந்து மாமியார் பாய்ந்து வந்து, என் கையோடு சேர்த்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துவிட்டார். நடுவில் துணி இல்லை. கார் நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. இருவரும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கை நடுங்கவில்லை. என் கையும் நடுங்கவில்லை. பிறகு கல்யாணமாகி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, "இறங்கி நட்டை முடுக்குப்பா" என்றார். நான் முடுக்கிக்கொண்டிருக்கும்போது மகளுக்குப் போன் போட்டார்: "ஏய், அவர் திரும்பி வந்ததும் புள்ளையைக் கையில குடு. அவர் கை கல்லு மாதிரி இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதே."