பை மட்டும்தான் இருக்கு

பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவர்கள் உண்டு, ஜவுளிக்கடையில் தொலைத்தவர்களும் உண்டு. இன்னும் பிறக்காத, சரியாக உருவாகக்கூட இல்லாத ஒரு பிள்ளையைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தொலைத்து, போலீஸையும் வைத்துத் தேடியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் பந்தி முடிந்ததும் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். அவரவர் இஷ்டத்துக்குக் கை கால் வைத்துச் சொல்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து என் மனைவி அமுதாவுக்கு முதல்முறை நாள் தள்ளிப்போனது. சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்த அன்றே நான் லட்டு டப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விட்டேன். கேட் செக்யூரிட்டி முதல் கேண்டீன் வரை கொடுத்தேன். (லோடு ஏற்ற வந்த ஒரு ஆந்திரா லாரிக்காரர், எதற்கென்றே தெரியாமல் இரண்டு சாப்பிட்டார்.) கொஞ்ச நாளிலேயே கலைந்துவிட்டது. லட்டு சாப்பிட்ட ஒவ்வொருவரும் "வூட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்க, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அமுதா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டாவது முறை நாள் தள்ளிப்போனபோது தா.பழூரிலிருந்து என் அம்மா கிளம்பி வந்து உத்தரவு போட்டார். "மூணு மாசம் முடியறவரைக்கும் வாயத் தொறக்காதடா. கண்ணு பட்டுடும். இந்தத் தடவ எதாச்சும் ஆச்சுன்னா ஒன்ன வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன்." அம்மாவுக்குக் காது மந்தம். ஆகவே இந்த ரகசியத்தை எங்கள் வாசலில் நின்று, எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

ரகசியம் காக்க வேண்டும் என்பதால் அரியலூரில் ஸ்கேன் எடுக்கவில்லை. அங்கே ஆலைக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். தெரிந்த முகமே இல்லாத பெரம்பலூருக்குப் போனோம்.

ஸ்கேன் அறையில் குளிர் அதிகம், வெளிச்சம் குறைவு. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. நடுவில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கறுப்புக் குழி. டாக்டரம்மா அதையே வெகுநேரம் பார்த்தார்.

"பை தெரியுது. உள்ள குழந்தை இன்னும் தெரியல. துடிப்பும் இல்ல" என்றார். "நாள் கணக்குக்கு ஆறு வாரம் இருக்கணும். பாத்தா அஞ்சு மாதிரிதான் இருக்கு. கரு லேட்டா பதிஞ்சிருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

"வந்தா தெரியுமா மேடம்?" என்று அமுதா கேட்டாள்.

"தெரியலாம். சிலருக்குப் பை மட்டும் வளரும், உள்ள ஒண்ணும் இருக்காது. இப்பவே எதையும் நெனச்சுக்காதீங்க."

இந்த வாரக் கணக்கே ஒரு மாதிரியானது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கடைசியாகத் தூரமான நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதாவது கரு உண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே அதற்கு வயது ஓட ஆரம்பித்துவிடுகிறது. இல்லாத நாட்களுக்கும் சேர்த்து ஒரு வயது. அந்தக் கறுப்புக் குழியைப் பார்த்த பிறகு இதை யோசிக்க எனக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது உச்சி வெயில். அமுதா கடைசிப் பெஞ்சில் போய்ச் சாய்ந்துகொண்டாள். அவள் காதில் விழக்கூடாது என்று நான் இந்தக் கோடிக்கு, ஒரு கொய்யாப்பழ வண்டி ஓரமாக வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். கர்ப்பம், கரு என்ற சொற்களைப் பொது இடத்தில் சொல்லக்கூடாது. அதில் மட்டும் மிக எச்சரிக்கையாக இருந்தேன்.

"அம்மா, பாத்துட்டு வந்துட்டோம். பை இருக்கு."

"என்னது?"

"பை! பை இருக்கு!"

"கேக்கலடா தம்பி!"

"பை இருக்கும்மா! புள்ளயத்தான் காணும்! நல்லாத் தேடிப் பாத்துட்டாங்க! பை மட்டும்தான் இருக்கு!"

"சரிடா, சரிடா. ரொம்ப சந்தோஷம்" என்று அம்மா போனை வைத்துவிட்டார். இதில் என்ன சந்தோஷம் என்று புரியாமல் நின்றேன்.

திரும்பினால் கொய்யாப்பழக்காரம்மா கையில் தராசோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எப்ப தம்பி கடசியா பாத்த?"

அந்தம்மா விஷயத்தைப் புரிந்துகொண்டார், ஆறுதலாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். "பாக்கவே முடியலைங்க" என்றேன்.

"என்ன வயசு?"

"கணக்குக்கு ஆறுங்க. பாத்தா அஞ்சு மாதிரிதான் தெரியுதாம்."

"ஆணா பொண்ணா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்கங்க."

அந்தம்மா தராசைக் கீழே போட்டார். "அய்யய்யோ! யாராச்சும் ஓடியாங்களேன்! புள்ளயத் தூக்கிட்டானுவ போலருக்கு! அஞ்சாறு வயசுப் புள்ளயாம்! பைய மட்டும் போட்டுட்டுப் போயிட்டானுவ! இந்தாளுக்குப் பித்துப் புடிச்சாப்ல ஆயிடுச்சு!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? அதற்குள் என்னைச் சுற்றி ஐம்பது பேர். ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"புள்ள பேரு என்னப்பா?"

"இன்னும் வைக்கல சார்."

"அஞ்சு வயசுல பேரு வைக்கலியா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஐம்பது பேர். அவ்வளவு பேர் கண்ணும் படும். லட்டு டப்பா ஞாபகம் வந்தது. அமுதா அன்று குளியலறையிலிருந்து வெளியே வந்து நின்ற விதம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

போலீஸ்காரர் என் பேரையும் ஊரையும் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். "சரி, என்ன துணி போட்டிருந்துச்சு?"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மஞ்சக் கவுனு சார். நான் பாத்தேன்."

அங்கிருந்துதான் எனக்குப் பயம் பிடித்தது. அவர் பார்த்தாராம். டீக்கடைக்காரரும் பார்த்தாராம், ரெட்டைச் சடையாம். தனியாக நின்றதாம், பிஸ்கட் கொடுத்தாராம், வாங்கவில்லையாம். வேப்பந்தட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சிரிக்கவே சிரிக்காத புள்ளதானே? இந்தப் பக்கமாத்தான் போச்சு" என்றார். ஒருவரும் பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. கால்மணி நேரத்துக்கு முன் திரையில் முகமே இல்லாத என் பிள்ளைக்கு இவர்கள் ஒவ்வொருவராகச் சடையும் கவுனும் நடையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ என் கையில் ஒரு சின்னச் செருப்பை வைத்தார். அரியலூர் பஸ்ஸுக்கு அடியில் கிடந்ததாம். ஒற்றைச் செருப்பு. வெயிலில் கிடந்ததால் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் கழற்றியது போலத் தோன்றியது. இது எங்களுடையது இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானும் தேடினேன். கூட்டத்தோடு சேர்ந்து பஸ்களுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தூணுக்குத் தூண் எட்டிப் பார்க்கும்போது, அந்தப் பக்கம் மஞ்சளாக ஏதாவது தெரிந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தெரிந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. தெரியாமல் போய்விடுமோ என்றும் பயமாக இருந்தது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "ரெட்டிபாளையம் தனபால் என்பவரின் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை. மஞ்சள் கவுன் அணிந்த குழந்தை எங்கிருந்தாலும் நேரக்காப்பாளர் அறைக்கு வரவும்." தனபால் நான்தான். அந்தக் குரல் கூரையில் மோதித் திரும்பி, எங்கிருந்தாலும், எங்கிருந்தாலும் என்று இரண்டு முறை கேட்டது.

கடைசிப் பெஞ்சிலிருந்து அமுதா எழுந்து வந்தாள். வந்த வேகத்திலேயே என் காலம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

"உங்களுக்கு அஞ்சு வயசுல பொண்ணு இருக்கா?"

"அய்யோ, இல்ல அமுதா!"

"மைக்குல சொல்றாங்க!"

தூண் ஓரமாக இழுத்துப் போய் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், அல்லது அறைவாள் என்று. இரண்டும் செய்யவில்லை. என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு நேராகக் கொய்யாப்பழக்காரம்மாவிடம் போய், "நீங்களும் பாத்தீங்களாம்மா? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். கேட்ட குரலில் அப்படி ஓர் ஆசை இருந்தது.

"நான் பாக்கலம்மா" என்றார் அவர். "அழுவாத. கெடச்சிடும்."

இதற்குள் பஸ்கள் நகர முடியாமல் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. போலீஸ்காரர் தடியைத் தூக்கிக் கத்தினார். "எல்லாரும் கலைஞ்சு போங்க! கலைங்க, கலைங்க!"

அமுதா அவர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றாள். "சார், அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க சார்."

"எந்த வார்த்தைம்மா?"

அவள் விறுவிறுவென்று நேரக்காப்பாளர் அறைக்குள் போனாள். என்ன சொன்னாளோ தெரியாது. சற்று நேரத்தில் ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. "காணாமல் போன குழந்தை தாயிடம் பத்திரமாக உள்ளது. தாயிடம் பத்திரமாக உள்ளது."

அது உண்மையா பொய்யா என்று அந்த நேரத்தில் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கூட்டம் விடுமா? தேடியவர்களுக்குப் பார்க்க உரிமை உண்டல்லவா. "எங்க புள்ள? காட்டுங்க" என்று மொத்தமாக வந்து நின்றார்கள். வெளியே வந்த அமுதாவிடம் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது. கூட்டம் பையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அவளுக்குப் பின்னால் பார்த்தது. கொய்யாப்பழக்காரம்மா மட்டும் அவள் வயிற்றின்மேல் இருந்த கையைப் பார்த்தார். சட்டென்று முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"புள்ள தூங்குதுய்யா. சத்தம் போடாம போங்க, போங்க."

என்ன ஆச்சரியம், அத்தனை பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். செருப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொன்னாள் அமுதா. யாரோ ஒரு குழந்தை தேடும் என்றாள்.

அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். "காணாம போன புள்ள உங்களதுதானே? ரெண்டு ஃபுல்லு, ஒரு ஆஃபா?"

"புள்ள இல்ல..." என்று ஆரம்பித்தேன். தொடையில் நறுக்கென்று கிள்ளு விழுந்தது.

"புள்ளைக்கு டிக்கெட் வேணாம்ங்க. மடியில வச்சிருக்கேன்" என்றாள் அமுதா.

கண்டக்டர் அவளுடைய காலி மடியைப் பார்த்தார். எங்களுக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, அரியலூர் வரும்வரை எங்கள் பக்கமே திரும்பவில்லை.

இறங்கும்போது தா.பழூரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "தனபாலு, பையனாமேடா! அம்மா தெருவெல்லாம் கல்கண்டு குடுக்குது!" பை, பை என்று நான் கத்தியதை அம்மா பையன், பையன் என்று கேட்டிருக்கிறார். ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று ஸ்கேன் சென்டரில் பலகையே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு போலீஸிடமிருந்து தப்பித்து இதில் மாட்டப் போகிறேன் என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. ரகசியத்தைக் கட்டிக்காக்க நான் பெரம்பலூர் முழுக்க ஒரு குழந்தையைத் தேடவிட்டேன். அம்மா அதைக் கல்கண்டோடு விநியோகம் செய்துவிட்டார்.

அந்த இரண்டு வாரமும் வீட்டில் இருப்பது இரண்டு பேரா மூன்று பேரா என்று தெரியாமல் நடமாடினோம். கதவை மெதுவாகச் சாத்தினோம். பேசிக்கொண்டிருக்கும்போதே அமுதா நிறுத்திவிட்டு எதையோ கவனிப்பாள். என்ன என்று நான் கேட்கமாட்டேன்.

மறுபடி அதே குளிர் அறை. அதே கறுப்புக் குழி, கொஞ்சம் பெரிதாகியிருந்தது. டாக்டரம்மா கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். குழியின் ஓரத்தில் வெள்ளையாக, பெரிய அரிசி மணி போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் இல்லை. கை கால் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதன் நடுவில் ஏதோ விட்டுவிட்டு மின்னியது, மிக வேகமாக.

"துடிப்பு" என்றார்.

அமுதா அழுதாள். நான் புத்திசாலித்தனமாக, "இவ்ளோ நாளா எங்க மேடம் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"இங்கயேதாங்க இருந்துச்சு. நமக்குத்தான் தெரியல."

பிறந்தது பெண். தா.பழூர் தெருவில் இன்றுவரை அவளுக்குப் 'பையன்' என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருக்கிறது, தெருவில் யாரும் அதைச் சொல்லி அழைப்பதில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, பந்தி முடிந்ததும் யாராவது, "தனபாலு, பை பத்திரம்!" என்று ஆரம்பிப்பார்கள். அம்மா தன் பங்குக்கு, "டாக்டரு பையன்னுதான் சொன்னாரு, இவந்தான் சரியா கேக்கல" என்பார். எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்போம். மஞ்சள் கவுன் வருகிற இடத்தில் மட்டும் அமுதா மெல்ல எழுந்து, பிள்ளைகள் விளையாடுகிற பக்கம் போய்ப் பார்ப்பாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் நான் அவளைப் பார்ப்பேன்.

"இருக்கா" என்பாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.