டிரெய்லரும் வீடுதான் என்று வாதாடினேன்

நம் ஊரில் எங்கே குடிக்கலாம், எங்கே கூடாது என்று என்னைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். சாலையில் கூடாது, கடற்கரையில் கூடாது, பஸ் ஸ்டாப்பில் கூடாது. அனுமதி வாங்கிய பாரில் குடிக்கலாம், வீட்டில் குடிக்கலாம். (இவ்வளவு தெரிந்தவன் மாட்டியிருக்கக் கூடாதுதான்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ராயபுரத்தில், கப்பல் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் துறைமுக கேட்டுக்காக எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்களிடம் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்று போனது மஸ்தான் பாயின் வண்டிக்கு. வண்ணாரப்பேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும். முந்தைய நாள் காலையிலிருந்து வரிசையில் நிற்கிறார். மாலைக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் பெட்டி கப்பலைப் பிடிக்காது.

"தொழுதுட்டு வந்துடறேன் நைனா. வண்டியப் பாத்துக்கோ. க்யூ நகுந்தா போன் பண்ணு" என்று இறங்கிப் போனார்.

என் பையில் ஒரு பீர் டின் இருந்தது. சாயங்காலம் மொட்டை மாடியில் குடிப்பதற்காக வாங்கியது. வெயிலில் அது சூடாகிக்கொண்டிருந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கேபினைச் சுற்றிப் பார்த்தேன். ஸ்டவ், அரிசி டப்பா, பாய், கயிற்றில் காயும் லுங்கி. சமைப்பதும் தூங்குவதும் இங்கேதான் என்றால் இது வீடுதானே? தீர்ப்பு எழுதிவிட்டு டின்னைத் திறந்தேன்.

இரண்டு மடக்குதான். டிராஃபிக் எஸ்.ஐ. கதவைத் தட்டினார்.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?"

தப்பு சார் என்று அங்கேயே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்குள்ளிருந்த வக்கீல் விடவில்லை.

"சார், இது பொது எடம் இல்ல, வூடு. பாருங்க, ஸ்டவ்வு கீது, பாய் கீது."

"வூடா? டோர் நம்பர் சொல்லு."

நம்பர் பிளேட்டில் இருந்ததைச் சொன்னேன். (ஆமாம், சொன்னேன்.)

அவர் குனிந்து பார்த்தார். "வூட்டுக்குக் கீழ டயர் கீதேப்பா" என்றார். பிறகு வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்.

தொப்பியோடு திரும்பி வந்த மஸ்தான் பாய், வண்டியை ஓரம் கட்டிவிட்டு மெஷினில் ஊத வேண்டியதாயிற்று. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர். மெஷின் சைபர் காட்டியது. ஆனால் என் மேல் கேஸ் எழுதி முடிப்பதற்குள் வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்னைத் திட்டவில்லை.

"வூடுன்னு சொன்னியாமே. வூட்டுக்காரன் நானு. என்னிய ஒரு வார்த்தை கேட்டியா?"

அவர் வரிசையின் வாலுக்குப் போனார். கப்பல் போய்விட்டது, என் வேலையும் போனது. வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மனுஷன் இன்னொரு நாள் முழுக்க அந்த வெயிலில் நின்றதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. மறுநாள் காலை இட்லியும் வடகறியும் வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிச் சாப்பிட்டார். "உள்ள மட்டும் ஏறாத" என்றார். எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

போன வருடம் மணலி புதுநகரில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கினோம். நிலையான வேலை என் மனைவிக்குத்தான் என்பதால் பத்திரமும் அவள் பெயரில்தான். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பாய், செருப்பைக் கழற்றிவிட்டு என் மனைவியிடம், "இது வூடுதானேம்மா? ஒன் புருசனுக்கு வித்தியாசம் தெரியாது" என்று ஆரம்பித்து, முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தால்கூட என் ஆறு வயது மகள் கேட்கிறாள்: "வூட்டுக்காரங்கள கேட்டியாப்பா?"

சொந்த வீட்டில் குடிக்கச் சட்டம் தடை சொல்லவில்லை. வீட்டுக்காரரையும் கேட்டுப் பார்த்தேன். அனுமதி இன்னும் வரவில்லை.