மணிக்கூட்டண்ணையும் என் பாஸ்போட்டும்

எண்பதுகளில் சுவிஸ் நாட்டு டாவோஸ் மலையில் ஒரு ஹோட்டலின் சமையலறையில் கோப்பை, அதாவது சாப்பாட்டுத் தட்டு, கழுவிய எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை இருந்தது: மணிக்கூட்டண்ணையை நம்பக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் எங்களுக்குள் அடிபாடுதான்.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஓட்டப்போட்டிக்கு நேரம் பிடிக்கும் மணிக்கூடு ஒன்று கழுத்தில் தொங்கும்; சட்டைப் பையில் குறிப்பு எழுதும் கொப்பி ஒன்று இருக்கும். ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் உத்தியோகம் பார்த்ததாகச் சொன்னார். அதற்கு அவரேதான் சாட்சி. அடுத்தவன் பல் விளக்குவதற்குக்கூட நேரம் பிடிக்கிற மனிதரை நீங்கள் நம்புவீர்களா? எங்கள் அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராத காலம் வேறு. யாராவது எங்களைப் பார்த்து எதையாவது எழுதினாலே பொலிஸுக்குத்தான் என்று நினைப்போம்.

நாங்கள் தங்கிய அறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மிளகாய்த்தூள் போத்தல் இருந்தது. சூரிச்சிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் தூள். ஒருநாள் பார்த்தால் போத்தலின் நடுவில் சிவப்பு மையால் ஒரு கோடு.

"ஆர் களவா அள்ளுறான் எண்டு பிடிக்கத்தான்," என்றான் பக்கத்துக் கட்டில் குணம். சந்தேகப்படுவதில் அவன் எனக்கே அண்ணன்.

"இல்லையடாப்பா," என்றார் மணிக்கூட்டண்ணை. "தூள் கோட்டுக்கு வந்தா அண்டைக்கே சூரிச்சுக்குச் சொல்லியனுப்ப வேணும். வந்துசேர ஒன்பது நாள் எடுக்குது. கோட்டுக்குக் கீழ கிடக்கிறது ஒன்பது நாளைக்கு அளவாக் காணும்."

அதன்பிறகு எங்கள் குழம்பு ஒருநாளும் உறைப்பில்லாமல் இருந்ததில்லை. அதற்காக அவரை நம்பிவிட முடியுமா? ஒன்பது நாளில் நாங்கள் எவ்வளவு தூள் தின்கிறோம் என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று குணம் கேட்டான். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

அடுத்து, அப்பிள் பெட்டிப் பலகைகளைப் பிடுங்கி, கோப்பைகள் நிமிர்ந்து நின்று காய்வதற்கு ஒரு தாங்கி செய்தார். முதல் நாளே அது சரிந்து பதினொரு கோப்பை உடைந்தது. தலைமைச் சமையற்காரர், நாங்கள் செஃப் என்போம், போட்ட சத்தத்தில் மேலே விருந்தினர்கள் கரண்டியைக் கீழே வைத்திருப்பார்கள். மணிக்கூட்டண்ணையோ முகம் மலர்ந்து கொப்பியை எடுத்தார்.

"நல்லது. எந்தப் பக்கம் சரியுது எண்டு இப்ப தெரிஞ்சிட்டுது."

இரண்டாவது தாங்கியில் நாலுதான் உடைந்தது. அதை முன்னேற்றம் என்று செஃபிடமே போய்ச் சொன்னார். மூன்றாவது தாங்கி அசையாமல் நின்றது. செஃப் அவர் தோளில் தட்டினார். எங்கள் சந்தேகத்துக்கு அதுவே போதும். செஃபோடு ஜெர்மன் மொழியில் கதைக்கக்கூடிய ஒரே தமிழரும் அவர்தான் என்பதைக் குணம் அடிக்கடி நினைவுபடுத்துவான்.

பிறகு மணிக்கூட்டண்ணையின் பார்வை என்மேல் விழுந்தது. கழுவும் மெஷினிலிருந்து ஆவி பறக்க வெளியே வரும் கோப்பைகளைத் துடைத்து அடுக்குவது என் வேலை. என் மேசையில் எப்போதும் குவியல்தான். மூன்று நாள் என் முதுகுக்குப் பின்னால் மணிக்கூட்டோடு நின்றார்.

"என்ன அண்ணை எழுதிறியள்?"

"உன்னைத்தான்."

"என்னையோ? ஏன்?"

"பிறகு சொல்லுறன். நீ துடை."

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் செஃபிடம் போய்க் கொப்பியை விரித்தார். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மணிக்கூட்டண்ணை என் பக்கம் கையை நீட்டிச் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"எங்பாஸ்."

செஃப் தலையாட்டினார். "யா, யா, எங்பாஸ்!"

எங்க பாஸ்? பாஸ் என்றால் பாஸ்போட். நான் ஜெர்மனில் முதலில் படித்த சொல்லே அதுதான். என் பாஸ்போட்டைப் பயண ஏஜென்ட் வழியிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டான், போனது போனதுதான். இந்த மனிதர் பாதித் தமிழிலும் பாதி ஜெர்மனிலும் என்னைக் காட்டிக் கொடுக்கிறார்! செஃபுக்கு எப்போது தமிழ் வந்தது என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது மூளை வேலை செய்யவில்லை.

"நான் அப்பவே சொன்னனான். பையைக் கட்டு," என்றான் குணம்.

ரயில் நிலையத்துக்கு ஓடினேன். எங்கே போவதென்று தெரியாது. வேலையையும் விட்டு, விலாசமும் இல்லாமல் போனால் என் கோரிக்கை குப்பைக்குத்தான் போகும் என்பது மட்டும் தெரியும். மேடையில் பையோடு நின்றபோது மணிக்கூட்டண்ணை வந்தார். ஓடி வரவில்லை, நடந்தே வந்தார்.

"ரயிலுக்கு இன்னும் ஆறு நிமிஷம் கிடக்கு. என்ன நடந்தது, சொல்லு."

"என்ர பாஸ்போட் கதையை ஏன் அண்ணை செஃபுக்குச் சொன்னனீங்கள்?"

"எந்தப் பாஸ்போட்?"

"எங்க பாஸ் எண்டு ரெண்டு பேரும் கேட்டனீங்கள்தானே!"

கழுத்து மணிக்கூட்டை ஒருதரம் பார்த்தார். பிறகு சிரிக்காமல் விளக்கினார். எங்பாஸ் முழுக்க முழுக்க ஜெர்மன் சொல்லாம்; ஒடுங்கின வழி என்று அர்த்தமாம்.

"மெஷின் கக்குற வேகத்துக்கு ஒரு ஆளால துடைக்க ஏலாது. எல்லாம் உன்ர மேசையில வந்து அடைபடுது. செஃப் உன்னைச் சோம்பேறி எண்டு நினைச்சு, இந்தக் கிழமையோட வேலையால நிப்பாட்டப் போறன் எண்டவர். பிழை உன்னில இல்லை, அங்க ரெண்டு பேர் நிக்க வேணும் எண்டு காட்டத்தான் மூண்டு நாள் எழுதினனான். செஃப் ஓம் எண்டிட்டார்."

கொப்பியை விரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாக விநாடிக் கணக்கு. ஒரு ஓரத்தில் மட்டும் தமிழில் எழுதியிருந்தது: 'பெடியன்ர விரல் எல்லாம் வெந்து கிடக்கு. கையுறை கேக்க வேணும்.' எனக்கு அழுகை வந்துவிட்டது. ரயில் வந்து போயிற்று.

அடுத்த நாள் என் மேசைக்கு இரண்டாவது ஆளாக வந்தது மணிக்கூட்டண்ணைதான். கண்ணாடிக் குவளை அடுக்குகிற சுகமான வேலையை விட்டுவிட்டு அந்த ஆவிக்குள் வந்து நின்றார். அன்றுதான் தெரிந்தது, கோப்பை துடைப்பதில் மனிதர் படு மந்தம். ஒன்றைத் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், திரும்பவும் துடைப்பார். அவர் பக்கம் மலையாகக் குவியும். செஃபின் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தக் குவியலில் பாதியைச் சத்தமில்லாமல் என் பக்கம் இழுத்துக்கொள்வேன். அந்த மனிதரை என் பக்கத்திலிருந்து செஃப் மாற்றிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.