பெயருக்குப் பொருந்தாத செடி

செவ்வாய்க்கிழமை காலை எட்னா ஹெப்டன் பின்தோட்டத்துக்கு வந்து பார்த்தபோது, கல்தொட்டியில் ரெய்னரி என்ற மலை மணிப்பூச் செடி இல்லை. அது இருந்த இடத்தில் ஓடில்லாத நத்தை ஒன்று, விருந்து முடித்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் கிடந்தது.

மூன்று வாரமாக ஆஸ்பத்திரியே கதியாக இருந்தவள், நத்தைக்கு மருந்து வைக்க மறந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கணவர் க்ளிஃபர்டை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குணமாகி அல்ல. இனிமேல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலைப் பின்ஜன்னல் ஓரமாகப் போடச் சொல்லியிருந்தார் க்ளிஃபர்ட். அங்கே படுத்தால் தொட்டி தெரியும்.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு எட்னா வாங்கிக் கொடுத்த செடி அது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் அதைக் காட்டுவார். "எட்னா குடுத்தது. அசல் ரெய்னரி. பதிமூணு வருஷமாச்சு. எங்க கல்யாணம் மாதிரி, கவனிக்கலேன்னாலும் சாகாது."

வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே அந்த மனிதர் சாக வேண்டுமா? எட்னாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டு மேவிஸ் தன் வீட்டுச் சுவரில் மண்டிக்கிடந்த வேறொரு மணிப்பூச் செடியில் ஒரு கொத்தை வேரோடு பிடுங்கி வந்தாள்.

"நீலமா இருக்கா? இருக்கு. மணியா இருக்கா? இருக்கு. அப்புறம் என்னடி?"

"அவரு கண்டுபிடிச்சிருவாருடி."

"மார்ஃபின் ஏத்திருக்காங்க. என்னையே மகாராணின்னு நினைச்சுக் கும்பிட்டாலும் கும்பிடுவாரு."

நட்ட பிறகு எட்னா க்ளிஃபர்டின் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். ரெய்னரி உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும், பூ கிண்ணம் போல வானத்தைப் பார்க்கும், இலையில் சாம்பல் நிற ரோமம் இருக்கும். மேவிஸ் கொடுத்ததோ நட்சத்திரப் பூவும் முழநீளத் தண்டுமாகத் தொட்டிக்கு வெளியே தொங்கியது. பிடுங்கினால் வேர் அறுந்து உள்ளேயே நின்றது. தோண்டித் தோண்டி, பக்கத்திலிருந்த இரண்டு நல்ல செடிகளையும் சாகடித்தாள்.

புதன்கிழமை மலைச்செடிச் சங்கத்தின் செயலாளர் பிக்கர்ஸ்கில்லிடம் போனாள். அவர் ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கிண்ணப் பூ, வானத்தைப் பார்த்தது. பெயர்ப்பட்டையிலும் ரெய்னரி என்றே எழுதியிருந்தது. எட்னாவுக்கு உயிர் வந்தது.

"ஒரு விஷயம்மா," என்றார் அவர். "உங்க வீட்டுக்காரர் செடிக் கண்காட்சிக்கு நடுவரா வந்து, ஊரே பாக்க எம் மானத்த வாங்கினாரே, அது இந்தச் செடியாலதான்."

சட்டியில் இன்னும் அந்த அட்டை செருகியிருந்தது. 'பெயருக்குப் பொருந்தவில்லை.' கீழே க்ளிஃபர்டின் கையெழுத்து.

"அப்ப இது ரெய்னரி இல்லையா?"

"எனக்கு ரெய்னரிதான். அவருக்குத்தான் கலப்புச் செடி. இலையில ரோமம் இல்லையாம். மனுஷன் செடியத்தான பாக்கணும், ரோமத்தையா எண்ணுவான்?"

வேறு வழியில்லை. எட்னா அதையே கொண்டுவந்து நட்டாள். வழவழவென்று பச்சையாக இருந்த இலைகளைப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குப் போய்த் தன் லாவெண்டர் பவுடரை எடுத்துவந்து, குழந்தைக்குப் பூசுவது போல ஒவ்வொரு இலைக்கும் ஒற்றினாள். தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் ரோமம் மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. யார்க்‌ஷயர் மழை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பவுடர் பசையாகி, செடி சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போல ஆனது. பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாள். ஒரு பூ முறிந்தது. அதைத் தையல் ஊசியில் குத்தி நிறுத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

க்ளிஃபர்ட் பாதியாகியிருந்தார். படுக்க வைத்ததும் முதலில் கேட்டது தண்ணீர் அல்ல.

"எட்னா, லென்ஸ எடு. ரெய்னரியில ஒரு இலை கிள்ளிட்டு வா."

"இப்பவா? முதல்ல கொஞ்சம் சூப் குடி, க்ளிஃப்."

"சூப் எங்கயும் ஓடிராது. கொண்டா."

இருப்பதிலேயே சின்ன இலையாகப் பார்த்துக் கிள்ளினாள். பாவாடையில் துடைத்தாள். நாற்பது வருஷமாக அண்ணன் தம்பி என்று பாராமல் அட்டை எழுதிய கை, லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோயிற்று.

"லாவெண்டர் வாசம் வருது," என்றார்.

"நர்ஸோட சோப்பா இருக்கும்."

நெடுநேரம் பார்த்தார். இலையைப் பார்த்தார், வெள்ளையடித்தது போலிருந்த அவள் நகக்கண்களைப் பார்த்தார், மறுபடி இலையைப் பார்த்தார்.

"அசல்தான்," என்றார். "சுத்தமான ரெய்னரி. நீ குடுத்ததாச்சே."

எட்னா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிழைத்தோம் என்று நிம்மதிப்பட முடியவில்லை. உடம்பைத் தின்ற நோய் அந்தக் கண்ணையும் தின்றுவிட்டதே என்றிருந்தது. ஊரில் யாராலும் ஏமாற்ற முடியாத மனிதரை, கடைசியில் கட்டின பெண்டாட்டியே ஒரு டப்பா பவுடரால் ஏமாற்றிவிட்டாள். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

அடுத்த புதன்கிழமை க்ளிஃபர்ட் போய்விட்டார், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்தபடி.

வியாழக்கிழமை காலை, நர்சுகள் விட்டுப்போன பிளாஸ்டிக் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அந்தக் கட்டிலின் விரிப்புகளை அவள் உருவிக்கொண்டிருந்தபோது, பின்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் செடி வளர்த்து விற்கிற கிழவர் சைக்ஸ். அவள் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாள், முகத்தைப் பார்த்ததில்லை. அவருக்கும் அவளைத் தெரியாது, சாவும் தெரியாது. கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சட்டியை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், வீட்டம்மா பாக்கறதுக்குள்ள இந்த வருஷத்து ரெய்னரிய அந்தத் தொட்டியில வச்சிருங்க. அவங்க ஆசையா வாங்கிக் குடுத்தது மொத வருஷமே செத்துப்போச்சு, அவங்க மனசு நோகக்கூடாதுன்னு வருஷா வருஷம் ஐயா எங்கிட்டதான் புதுசு வாங்கி மாத்தறாரு."