இஸ்திரி அண்ணனின் வெளிநாட்டுப் பயணம்

இரண்டு மாத விடுதலை! வெளிநாட்டில் டெஸ்ட் தொடர் என்று வாரியம் அறிவித்த அன்றே இஸ்திரி அண்ணன் தீர்மானித்துவிட்டார், வாழ்ந்தால் அந்த இரண்டு மாதம்தான் வாழ்வது என்று.

கிரிக்கெட் அணியின் துணிமணிக்கு அவர்தான் பொறுப்பு. 'இஸ்திரி அண்ணன்' ஆட்டக்காரர்கள் வைத்த பெயர். உண்மையில் அவர் செய்வதெல்லாம் மூட்டையை வீட்டுக்குத் தூக்கி வருவது, மறுநாள் தூக்கிப் போவது. பந்தைத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த பேன்ட்டுகளை வெளுப்பது, டைவ் அடித்துக் கிழிந்த முட்டியைத் தைப்பது, மடிப்பு நிற்கத் தேய்ப்பது எல்லாம் மனைவி. பாராட்டு வாங்குவது மட்டும் அண்ணன். அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஏங்க, நானும் வரட்டுமா?"

"ஐயோ! மனைவிமாரைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு வாரியத்துல கண்டிப்பா சொல்லிட்டாங்கம்மா."

"அப்படியா? அப்ப அங்க துணி துவைக்கிறது?"

"நான்தான்! வேற யாரு?"

"அப்ப இங்கயே பழகிக்கோங்க. நாளைக்குப் பயிற்சி ஆட்டம். மூட்டை அதோ இருக்கு."

மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. அங்கேதான் மனுஷன் பயந்திருக்க வேண்டும். விசிலடித்துக்கொண்டே துணிகளை மெஷினில் திணித்தார். கடைசியாக கேப்டனின் புத்தம்புதுச் சிவப்புத் தொப்பி கையில் வந்தது.

"இதையும் சேர்த்தே போட்டுடலாமா?"

"உங்களுக்குத் தெரியாததா!"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போட்டார்.

மறுநாள் காலை மைதானத்தில் அணி இறங்கியது. தலை முதல் கால் வரை ரோஜாப்பூ நிறம்! டாஸ் போட வந்தவர் காசைக் கீழே விட்டுவிட்டார். தொப்பியின் சாயம் பேன்ட்டில் ஏறியது. அண்ணனின் சாயம் வெளுத்தது.

மாலையில் அணியின் மேனேஜரே மூட்டையோடு வீட்டுக்கு வந்து நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவரைத் திட்டாதீங்க சார்," மனைவி குறுக்கே வந்தாள். "பாவம், மொதத் தடவையா துவைச்சிருக்கார்."

"மொதத் தடவையா? அப்ப இத்தனை வருஷமா துவைச்சது யாரு?"

அண்ணன் சுவரைப் பார்த்தார். மனைவி மூட்டையை அவிழ்த்தாள். வாளியில் எதையோ கரைத்தாள், முக்கினாள், அலசினாள். மேனேஜர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கேப்டனின் சட்டை பால் நிறத்தில் கொடியில் ஆடியது.

"அம்மா, உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்குங்க. எதுக்கும் இருக்கட்டுமேன்னு போன மாசம்தான் எடுத்தேன்."

"சார், அப்ப நான்?" அண்ணனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"டிக்கெட் ஒண்ணுதான்யா!"

வெளிநாட்டில் அணியின் உடுப்பு பளிச், ஆட்டம் படுமட்டம். எதிரணி வெளுத்துக் கட்டியது. வீட்டில் அண்ணன் தன் பனியனைத் தானே கசக்கியபடி டிவி பார்த்தார். தொடர் சீக்கிரம் முடிந்தால் மனைவியும் சீக்கிரம் வருவாளே! பிறந்ததிலிருந்து முதல்முறையாக, நம் அணி விக்கெட் விழ விழக் கைதட்டினார். கடைசி டெஸ்ட் பாதியிலேயே சுருண்டது. போன் வந்தது.

"தோத்துட்டோமா? நல்லதாப் போச்சு! எப்ப வர்ற?"

"அவங்க எல்லாரும் நாளைக்கு வந்துடுவாங்க. எனக்குத்தாங்க லேட்டாகும்."

"உனக்கு மட்டும் ஏன்?"

"நம்ம ஆளுங்க உடுப்பைப் பார்த்துட்டு ஜெயிச்ச டீம்ல கூப்பிட்டாங்க. அடுத்த டூர் அவங்களோட போறேன்."