எல்லா மனைவிமாரும் சிரித்த அன்று

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலமா என்பதைக் கீழே படித்து நீயே முடிவு செய்துகொள். அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீ கொடுத்த மந்திர நோட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோபமெல்லாம் இல்லை. கோளாறு நோட்டில் இல்லை, என் மண்டையில். முதலில் எங்கள் குளியலறைத் தாழ் சிக்கிக்கொண்டது. மூன்று வரி மந்திரத்தையும் சொல்லி, "கதவே, திற" என்றேன். திறந்தது. இந்தக் கட்டடத்தின் இருபத்திரண்டு குளியலறைக் கதவுகளும் சேர்ந்து திறந்தன. மேல்வீட்டு வக்கீல் அப்போது சோப்பு நுரையில் இருந்தார், இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. "டேய், யாரைக் கூப்பிடுறியோ அவங்களை மட்டும் கூப்பிடு. பொதுவா சொன்னா மந்திரமும் பொதுவாத்தான் போகும்" என்று நீ அப்போதே எழுதினாய். முப்பத்து நான்கு வருடம் உதிரிபாகக் கிடங்கில் எல்லாவற்றையும் வகை பிரித்துச் சீட்டு ஒட்டியவனுக்கு அது எங்கே ஏறும்?

விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் ஆபரேஷன் முடிந்த இந்த மூன்று மாதமாக என் வீட்டுக்காரி சிரிக்கவே இல்லை. பேசுகிறாள், சாப்பிடுகிறாள், சிரிப்பு மட்டும் போய்விட்டது. எனக்குத் தாங்கவில்லை அக்கா. நோயாளிகளுக்கு ஜோக் பிடிக்கும் என்று வாசித்துக் காட்டினேன். தூங்கிவிட்டாள். பெண்களுக்குப் பூ பிடிக்கும் என்று வாங்கி வந்தேன். தும்மினாள். கடைசியில் போன ஞாயிறு பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் நின்று மந்திரம் சொல்லி, "மனைவியே, சிரி" என்றேன். கட்டடத்து மனைவிமார் எல்லோரும் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு! கணவன்மார் ஒவ்வொருவராக வெளியே வந்து தங்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்கள். வக்கீல் பயந்துபோய் டாக்டரையே கூப்பிட்டுவிட்டார். என் வீட்டில் மட்டும் சத்தமே இல்லை. இவள் துணி மடித்தபடி, "வெளிய என்னங்க இரைச்சல்?" என்றாள்.

சரி, இவளை மட்டும் கூப்பிடுவோம் என்று, இவள் எப்படிப்பட்டவள் என எழுத உட்கார்ந்தேன். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாள். படியேறும்போது உதடு அசைய எண்ணுவாள். கோபம் வந்தால் என் கண்ணாடியை எடுத்து அழுத்தித் துடைப்பாள். அடுத்து, முழங்கால் என்று எழுதினேன். எந்த முழங்கால்? பேனா நின்றுவிட்டது. எந்தத் திருகாணி எந்தப் பெட்டியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவன் நான். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூடவே இருந்தும் ஒரு நோயாளியைத்தான் பார்த்திருக்கிறேன், இவளைப் பார்க்கவில்லை. மந்திரம் இவளை மட்டும் விட்டுவிட்டுப் போனதும் அதனால்தான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. போய்க் கேட்கவும் வாய் வரவில்லை.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். ஓய்வுபெற்ற ஆண்கள் யாருக்கும் மந்திரம் வராது. நோட்டைத் தகுதியுள்ள யாருக்காவது கொடு. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: நான் கோந்து தேடப் போன நேரத்தில் இவள் இதைப் படித்துவிட்டாள். "இடது முழங்கால்" என்றாள். பிறகு கடைசிப் பத்தியில் விரலை வைத்து, "ஓய்வுபெற்ற ஆம்பளைங்க யாருக்கும் வராதா? எதுக்குங்க ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் துணைக்கு இழுக்கறீங்க? இப்படி ஒரு மண்டு நீங்க ஒருத்தர்தான்!" என்று சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சத்தியமாக நான் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. வாசலுக்குப் போய்க் காது கொடுத்தேன், வேறு எந்த வீட்டிலும் சத்தம் இல்லை. நோட்டு இங்கேயே இருக்கட்டும். கடிதத்தையும் தர மாட்டேன் என்று தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள். உனக்கு வருவது நான் ஞாபகத்திலிருந்து எழுதிய நகல்.