பவளத்தின் செவ்வாய்க்கிழமைகள்

உரும்பிராய்,
செவ்வாய்க்கிழமை (வேண்டுமென்றே இன்று எழுதுகிறேன்)

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் தடித்த பஞ்சாங்கத்துக்கும் உரிய ரொறன்ரோ மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் நிவேதனா பணிவோடு எழுதிக்கொள்வது. பணிவு இந்த வரியோடு முடிகிறது. இங்கே அப்பா, அம்மா, நான், பவளம் நால்வரும் சுகம். மாமியினதும் உங்கள் முழங்காலினதும் சுகத்தை அறிய விருப்பம். குடும்ப வட்ஸ்அப் குழுவின் முகப்பிலிருந்த உங்கள் அறுபதாம் பிறந்தநாள் படத்தை எடுத்துவிட்டுப் பவளத்தின் முகத்தைப் போட்டதற்காக என்னைக் குழுவை விட்டுத் தூக்கிவிட்டீர்கள். ஆகவே கடதாசியில் எழுதிப் படம் பிடித்து அம்மாவின் போனிலிருந்து அனுப்புகிறேன். பவளத்தின் படத்துக்குத்தான் கூடுதலான இதயங்கள் விழுந்தன என்பதையும் இவ்விடத்தில் பதிவு செய்கிறேன்.

விஷயம் இதுதான். நீங்கள் வாங்கித் தந்த பவளத்தை வியாழக்கிழமை மாட்டுத் தரகரிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறீர்கள். காரணம், அவள் மலடாம். நான் விடமாட்டேன். தரகர் அவளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடக் கொண்டுபோகவில்லை, இறைச்சிக்குக் கொண்டுபோகிறார். வெள்ளிக்கிழமையில் முட்டை என்ற சொல்லைக்கூட உச்சரிக்காத குடும்பம் நாங்கள்!

அவள் ஏன் சினைப்படவில்லை என்று யாராவது கேட்டீர்களா? மாசியில் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் பவளம் கத்தத் தொடங்கினாள். பிண்ணாக்கைத் தொடவில்லை, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள், வழும்பு நூல்போல வடிந்தது, பக்கத்து வீட்டு மாட்டின் மேல் பாயப் பார்த்தாள். மறுநாள் காலையே சினை ஊசி போட ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மாட்டின் வேட்கை பதினெட்டு மணித்தியாலம்போலத்தான், அதற்குப் பிறகு கருமுட்டை பாய் விரித்துப் படுத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திராது. அப்பா பாவம், உங்களிடம் கேட்டார்.

"செவ்வாயோ? செவ்வாய் வெறுவாய் எண்டு தெரியாதே? விடு, அடுத்தமுறை பாப்பம்" என்றீர்கள்.

அடுத்தமுறையும் செவ்வாய். அதற்கடுத்த முறையும் செவ்வாய். "உந்த மாட்டிலை ஏதோ தோசம் இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். மாமா, தோஷம் மாட்டில் இல்லை, வாய்ப்பாட்டில் இருக்கிறது. பசுவின் வேட்கைச் சக்கரம் இருபத்தொரு நாள். மூவேழு இருபத்தொன்று. திங்களில் கத்தியவள் திங்களில்தான் திரும்பவும் கத்துவாள், விடிந்தால் செவ்வாய்தான். மலடு உங்கள் நாட்காட்டி, மாமா.

இதை, ஹோர்மோன் பாடம் உள்ள விவசாயப் புத்தகத்தோடு அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"ஓமோன் எண்டால் என்னடி?"

"பேரிலையே கிடக்கு அம்மா. ஈஸ்திரஜன் ஏறினால் மாடு ஓம் எண்டும். பிறகு சூலகத்திலை மஞ்சட்சடலம் எண்டு ஒண்டு வந்து புரோஜெஸ்திரோனைச் சுரக்கும். அது ஏலாது எண்டும்."

"சிவசிவா! விளக்கு வைக்கிற நேரத்திலை என்ன சடலக் கதை?"

"வயித்திலை கண்டுக்குட்டி தங்கேல்லையெண்டால் கருப்பையே அந்தச் சடலத்தைக் கரைச்சுப்போடும். திரும்ப ஓம்."

அம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நீ பிறக்க முந்தி ஆறு வருஷம் என்னையும் மலடு எண்ட உந்தச் சொல்லாலைதான் சொன்னவை. என்ரை அண்ணையும் அதிலை ஒராள்." இதையும் எழுதச் சொன்னவர் அம்மாதான்.

ஆகவே மூன்று கிழமைக்கு முன்னர், நாலாவது தடவையாகப் பவளம் கத்திய அந்தத் திங்கட்கிழமை, நான் அம்மாவின் குரலில் சினை ஊசி போடுபவருக்குப் போன் எடுத்தேன். "ஹலோ, றொகான் தம்பியோ? நாளைக்குக் காலமை ஊசி போட வரேலுமோ?"

"என்ரை குரல் உப்பிடிக் கீச்சிடுறேல்லை" என்று பின்னால் வந்து நின்ற அம்மா போனைப் பறித்துத் தானே கதைத்தார்.

மறுநாள் கொழும்புத்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த றொகான் அண்ணையிடம் அப்பா மெல்லக் கேட்டார், "செவ்வாயிலை போட்டால் பரவாயில்லையோ தம்பி?"

"எனக்கு நாளெண்டால் ஞாயிறு மாதா கோயில் பூசை ஒண்டுதான் ஐயா. மாட்டுக்கு அதுவும் இல்லை. வாலைப் பிடியுங்கோ."

ஊசி போட்டபோது காலை ஒன்பது மணி. உங்கள் ரொறன்ரோவில் அப்போது திங்கள் இரவு பதினொன்றரை. மாடு உங்களுடையது என்று நீங்களே அடிக்கடி சொல்வதால், நாளும் உங்கள் ஊர் நாளாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் மாட்டுக்குத் திங்கட்கிழமைதான் ஊசி போடப்பட்டது. பஞ்சாங்கம் ஒரு மயிரிழையும் மீறப்படவில்லை.

நேற்றோடு இருபத்தொரு நாள். பின்னேரம் முழுக்கக் கொட்டிலடியில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு சத்தமில்லை. இன்று காலையும் இல்லை, பிண்ணாக்கு வாளியை நக்கித் துடைத்துவிட்டாள். பவளம் சினை, மாமா! மஞ்சட்சடலம் கரையவில்லை, அவளும் தரகரோடு போகமாட்டாள். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவர் நீங்கள், அதுவும் பவளத்திடம். வீடியோ அழைப்பில் கேட்டாலும் போதும், அவள் பெருந்தன்மையானவள். அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்.

மாமிக்கு என் அன்பு, உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய். கிழமையில் ஏழு நாளும் உங்களுக்கு நல்ல நாளாக அமைய நல்லூரானை வேண்டிக்கொள்ளும்,

அடங்க மறுக்கும் மருமகள்,
நிவேதனா

பி.கு.: படம் பிடிக்கப் போனை எடுத்தபோது பின்வளவில் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பவளம்தான். வாலும் தூக்கியாயிற்று, வழும்பும் வடிகிறது. ஊசி பிடிக்கவில்லை. மேலே 'சினை' என்று நான் துள்ளிய இடத்தை வெட்டிவிட்டு வாசியுங்கள். சக்கரம் பதினெட்டு நாளிலிருந்து இருபத்துநாலு நாள் வரை கூடலாம் குறையலாம் என்று புத்தகத்தில் சின்ன எழுத்தில் கிடந்ததை நான்தான் வாசிக்கவில்லை. இம்முறை அவள் இருபத்திரண்டு நாள் எடுத்திருக்கிறாள். அப்பா உங்களிடம் கேட்கவில்லை. சேர்ட்டை மாட்டிக்கொண்டு, முதலில் றொகான் அண்ணைக்கு எடுத்து "ஓம் தம்பி, காலமை வாரும்" என்றார். அடுத்துத் தரகருக்கு எடுத்து "வியாழன் வரவேண்டாம்" என்றார். நாளைக்குப் புதன், மாமா. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. எங்கே, இப்போது மறுத்துப் பாருங்கள்!